மாமனாரின் டைரியை ஒளித்து வைக்கலாமா?

கேள்வி: என் மாமனாருக்கு 83 வயது. இருபது வயதில் டெல்லிக்கு வந்து, மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமியார் காலமான பிறகு மயூர் விகாரில் எங்களோடு இருக்கிறார். பொழுதன்றைக்கும் டி.வி.யில் பழைய படம்தான். அப்பா வேஷத்திலோ வக்கீல் வேஷத்திலோ யாராவது வந்தால் போதும், ‘இவரும் போயாச்சு’ என்பார். எந்த வருஷம், என்ன வியாதி என்று விவரமும் வரும். பழைய டைரி ஒன்றில் இறந்த நடிகர்களின் பெயரையும் தேதியையும் எழுதி வைக்கிறார். கதாநாயகர்கள் அதில் அநேகமாக இல்லை. எல்லாம் குணச்சித்திர நடிகர்கள். டெல்லி கணேஷ் இறந்த செய்தி வந்த அன்று சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. ‘சாவுக் கணக்கு எழுதறதே வேலையாப் போச்சு’ என்று கணவர் எரிந்து விழுகிறார். பன்னிரண்டு வயது மகனோ, ஒவ்வொரு படத்துக்கும் ‘இவரு போயாச்சா தாத்தா?’ என்று கிண்டல் செய்கிறான். டைரியை எடுத்து ஒளித்து வைத்துவிடலாமா? அல்லது டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டிய விஷயமா இது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, டெல்லி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

டைரியை ஒளித்து வைக்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் விஷயத்தையும் இப்போதே முடித்துவிடலாம். சாப்பாடு குறைந்துகொண்டே போகிறது, இரவில் தூக்கம் இல்லை, கீழே பார்க்குக்குப் போய் வெயில் காய்வதையும் நிறுத்திவிட்டார் என்றால், தாமதிக்காமல் முதியோர் மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். மனைவியை இழந்தவருக்கு அந்தக் கவனிப்பு அவசியம். ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கும் மனிதர் படம் பார்க்கிறார், தேதி நினைவு வைத்திருக்கிறார், பேரனோடு பேசுகிறார். ஒரு நடிகர் இறந்ததற்காக ஒரு நாள் சாப்பாடு இறங்கவில்லை என்பது எனக்கு வியாதியாகத் தெரியவில்லை. துக்கம் என்றே தெரிகிறது.

அந்த டைரி ஏன் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். அறுபதுகளில் டெல்லிக்கு வேலைக்கு வந்த தலைமுறைக்கு ஊரில் யாராவது இறந்தால் தந்தி வரும். லீவு சொல்லி, பணம் புரட்டி, ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து போய்ச் சேருவதற்குள் காடாற்றும் முடிந்திருக்கும். பெரியப்பா, அத்தை, கூடப் படித்தவன் என்று எத்தனையோ பேரின் சாவு அவர்களுக்கு ஒரு தேதியாகத்தான் வந்து சேர்ந்தது. முகம் பார்த்து அழக் கிடைக்கவில்லை. அப்படிப் பழகியவர் தேதியை எழுதி வைக்கிறார். இதில் விபரீதம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கதாநாயகர்கள் ஏன் இல்லை என்பதற்கும் காரணம் இருக்கும். அவர்களுக்குச் சிலை இருக்கிறது, மன்றம் இருக்கிறது, வருஷா வருஷம் போஸ்டர் ஒட்ட ஆள் இருக்கிறது. பாலையாவுக்கும் ரங்காராவுக்கும் உங்கள் மாமனார் மாதிரியானவர்கள்தான் இருக்கிறார்கள். அதுவும் தனியாக ஒரு குவார்ட்டர்ஸ் அறையில் கிடந்த இளைஞனுக்கு, திரையில் வந்த அந்த அப்பாக்களும் மாமாக்களும் ஊரில் விட்டுவந்த வீட்டுப் பெரியவர்களாகவே தெரிந்திருப்பார்கள்.

அந்தப் பெரியவர்களின் வயதைக் கணக்குப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ‘படிக்காத மேதை’ (1960) படத்தில் சிவாஜியை வளர்த்து ஆளாக்கும் பெரியவராக எஸ்.வி.ரங்காராவ் வருகிறாரே, அப்போது அவருக்கு 42 வயதுகூட நிறையவில்லை. சிவாஜியைவிடப் பத்தே வயது மூத்தவர். 1974இல் அவர் காலமானபோது வயது 56. டி.எஸ்.பாலையா 1972இல் போனபோது அவரும் அறுபதை எட்டவில்லை. வி.கே.ராமசாமி ‘நாம் இருவர்’ (1947) படத்தில் கிழவர் வேஷம் கட்டியபோது இருபதைத் தாண்டியிருந்தார், அவ்வளவுதான். அதன்பிறகு வாழ்நாள் முழுக்கப் பெரும்பாலும் பெரியவராகவே நடித்தார். உங்கள் மாமனார் இன்றைக்கு ரங்காராவைவிட 27 வயது மூத்தவராக உட்கார்ந்துகொண்டு, தன் வாலிபத்தில் ‘பெரியவர்’ என்று பார்த்தவரைத் திரும்பப் பார்க்கிறார். இதைப் பேச அவருக்கு ஒரு ஆள் வேண்டும். ‘இவரும் போயாச்சு’ என்று அவர் ஆரம்பிப்பது, யாராவது அடுத்த கேள்வியைக் கேட்கட்டும் என்றுதான். வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை.

நீங்கள் கேளுங்கள். ‘இந்தப் படத்துல இவர் என்ன பண்ணுவார் மாமா?’ என்று கேட்டால் போதும். டைரியில் தேதிக்குப் பக்கத்தில் இடம் விட்டிருப்பாரே, அங்கே ஒரு காட்சியை எழுதச் சொல்லுங்கள். கை நடுங்கினால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். செத்த தேதி மட்டும் இருந்தால் அந்தப் பக்கத்தில் அந்த மனிதர் செய்த காரியம் எதுவுமே இல்லாமல் போகிறது. எனக்கு அந்த டைரியில் இருக்கும் ஒரே குறை இதுதான்.

நாகேஷையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009 ஜனவரி 31 என்று மாமனார் நிச்சயம் எழுதி வைத்திருப்பார். அதற்குப் பக்கத்தில் 1994 என்று எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரே வருஷத்தில் ‘மகளிர் மட்டும்’ படத்தில் பிணமாக நடித்தார். வசனம் கிடையாது, கண் அசைக்க முடியாது, உடம்பு பிறர் இழுத்த இழுப்புக்கெல்லாம் போக வேண்டும், அதற்குத் தியேட்டரே சிரித்தது. ‘நம்மவர்’ படத்தில் மகளைப் பறிகொடுத்த பேராசிரியர். அவர் உடைந்து பேசும் இடத்தில், முப்பது வருஷத்துக்கும் மேலாக நம்மைச் சிரிக்க வைத்த அதே முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அதற்குத்தான் கிடைத்தது. ஒரு படத்தில் பிணம், இன்னொன்றில் பிணத்துக்கு முன்னால் நிற்கும் தகப்பன். இரண்டையும் செய்யக் கூடிய நடிகர் என்ன மாதிரி உழைத்திருக்க வேண்டும் என்று உங்கள் மாமனாரைப் பேச விடுங்கள், ஒரு சாயங்காலம் போதாது.

பேரன் விஷயம். அவன் கிண்டலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்கூலிலும் பார்க்கிலும் ஹிந்தி பேசி வளரும் பிள்ளை, தாத்தாவிடம் பேச அவனுக்குக் கிடைத்த ஒரே வாக்கியம் அது. வேறு வாக்கியம் கொடுங்கள். ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷ் அப்பாவுக்குப் பேய்க் கதை சொல்லும் காட்சியைப் போட்டுக் காட்டி, நாகேஷைப் பார்க்க வேண்டாம், பாலையாவை மட்டும் பார் என்று சொல்லுங்கள். பேசுவதெல்லாம் நாகேஷ். பாலையா வெறுமனே கதை கேட்கிறார். கண் விரிகிறது, வாய் கோணுகிறது, மகனுக்கு முன்னால் பயத்தைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று பார்க்கிறார், முடியவில்லை. அந்த முகம் இல்லாவிட்டால் கதைக்குப் பயமும் இல்லை, சிரிப்பும் இல்லை. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இது தாராளமாகப் புரியும்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. உங்கள் கடிதத்தில் ‘இருபது வயதில் டெல்லிக்கு வந்தவர்’ என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டெல்லி கணேஷ் வல்லநாட்டுக்காரர். 1964 முதல் 1974 வரை விமானப் படையில் இருந்தவர். இந்த ஊரில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்து, அப்புறம்தான் சென்னை மேடைக்குப் போனார். ‘பட்டினப் பிரவேசம்’ (1977) படத்தில் கே.பாலசந்தர் அவரை அறிமுகப்படுத்தி, நம் ஊர்ப் பெயரையும் முன்னால் சேர்த்து வைத்தார். பூர்ணம் விஸ்வநாதனும் அப்படித்தான். 1947 ஆகஸ்ட் 15 அன்று விடுதலைச் செய்தியை டெல்லி வானொலியிலிருந்து தமிழில் வாசித்தவர் அவர். டெல்லித் தமிழ் மேடையிலும் அவருக்கு இடம் இருந்தது. ‘வருஷம் 16’ படத்துத் தாத்தாவாகவும் ‘மகாநதி’யில் ஜெயிலுக்குள் கமலுக்குத் துணையாக இருக்கும் பஞ்சாபகேசனாகவும் ஊருக்கெல்லாம் தெரிந்தது பின்னால்தான்.

படங்களுக்கு ஒன்றும் ஆகாது. ‘பசி’யில் ரிக்‌ஷாக்காரராக வந்த டெல்லி கணேஷ், ‘அபூர்வ சகோதரர்க’ளில் வில்லன் கூட்டத்தில் ஒருவராக நின்றவர், அடுத்த வருஷமே ‘மைக்கேல் மதன காமராஜ’னில் பாலக்காட்டுச் சமையல்காரராக வந்து கமலுக்கு அப்பாவானது, எல்லாவற்றையும் உங்கள் பேரப்பிள்ளைகளும் பார்ப்பார்கள். ‘சிந்து பைரவி’யில் கச்சேரிக்குக் குடித்துவிட்டு வரும் மிருதங்கக்காரர், பாடகர் ‘நீ வாசிக்க வேண்டாம்’ என்று ஒதுக்கிவிட்டுத் தனியாகவே பாடும்போது பட்ட அவமானம் அந்த முகத்தில் எப்போதும் இருக்கும். மேடை நாடகத்துக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அறுபது, எழுபதுகளில் டெல்லியில் தமிழ் நாடகம் எப்படி நடந்தது என்பது அதைப் பார்த்தவர்களின் தலைக்குள் இருக்கிறது. அவர்களுக்கெல்லாம் இன்றைக்கு எண்பது வயது.

ஆகவே போனில் ரெக்கார்டரைப் போட்டு வைத்துக்கொண்டு கேளுங்கள். என்ன நாடகம் பார்த்தீர்கள், எந்த ஹாலில், டிக்கெட் என்ன விலை, ஆபீஸ் முடிந்து எந்த பஸ் பிடித்துப் போனீர்கள், பெண் வேஷத்துக்கு யார் வந்தார்கள், ஒத்திகை யார் வீட்டில், டிசம்பர் குளிரில் கூட்டம் வந்ததா. டெல்லி கணேஷை மேடையில் பார்த்தீர்களா என்று கட்டாயம் கேளுங்கள். பார்த்திருந்தால் அன்றைக்கு அவர் ஏன் சாப்பிடவில்லை என்பது உங்கள் கணவருக்கும் புரிந்துவிடும். பார்க்கவே இல்லை என்றாலும் வேறு பத்து நடிகர்களின் பெயர் வரும். குமாஸ்தாவாக வேலை பார்த்துக்கொண்டே சாயங்காலம் அரிதாரம் பூசி, சினிமாவுக்குப் போகாமலே மறைந்தவர்கள். அவர்களைப் பற்றி எங்கும் ஒரு வரி கிடைக்காது.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா எழுதும் பெயர்களைப் பார்க்கும்போது அடுத்த பெயர் அப்பாவுடையதாக இருக்குமோ என்ற பயம் மகனுக்கு வரும். அதை நேராகச் சொல்ல முடியாதவர்கள் எரிந்து விழுவார்கள். ஆண்பிள்ளைகளிடம் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவரோடு வாதாடாதீர்கள். ரெக்கார்டிங் போடும் வேலையை அவரிடம் கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூர்தர்ஷனில் தமிழ்ப் படம் எந்த வாரம் வரும் என்று அவரும் அப்பாவும் சேர்ந்து காத்திருந்த காலம் அவருக்கும் ஞாபகம் இருக்கும். அதிலிருந்து பேச்சைத் தொடங்கச் சொல்லுங்கள்.

டைரியில் இருக்கும் தேதிகளை இன்னொரு விதத்திலும் பயன்படுத்தலாம். அக்டோபர் 1 பூர்ணம், அக்டோபர் 10 மனோரமா, நவம்பர் 9 டெல்லி கணேஷ். அந்தந்தத் தேதிக்கு அவர்கள் படம் ஒன்றை வீட்டில் போடுங்கள். எந்தப் படம் என்று மாமனார் முடிவு செய்யட்டும். சொசைட்டியில் அவர் வயதில் தமிழ் பேசுகிறவர்கள் இருந்தால் காபிக்குக் கூப்பிடுங்கள். ஒருவர் மறந்த பெயரை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார். அதையும் பதிவு செய்யுங்கள்.

பதிவானதை யாராவது உட்கார்ந்து தாளில் எழுத வேண்டும். பேரனுக்குத் தமிழ் எழுத வந்தால் அவனையே எழுதச் சொல்லுங்கள், பிழை இருந்தால் தாத்தா திருத்துவார். எழுதி முடித்ததும் ஒரு பிரதியை ராமகிருஷ்ணபுரம் தமிழ்ச் சங்க நூலகத்துக்குக் கொடுங்கள். எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.