500 ரூபாயில் ஈஸ்டர்: கிருஷ்ணகிரி சகோதரிக்கு

வேலை போன மாசம், கையில 500 ரூபாய்தான், பிள்ளைங்க ரெண்டு பேரும் ஓசூர் கடையில பார்த்த சாக்லேட் முட்டை கேக்குறாங்கன்னு எழுதியிருந்தீங்க. அதை விட்டுடுங்க சகோதரி. எங்க வீட்டுல இதே நிலைமை வந்தப்போ நாங்க செஞ்சதைச் சொல்றேன்.

ஒரு டஜன் வெள்ளை முட்டை வாங்குங்க. வெங்காயச் சருகு உழவர் சந்தையில கேட்டா சும்மாவே அள்ளிக் குடுப்பாங்க. பச்சை முட்டையை நனைச்சு, அதுமேல ஒரு கொத்தமல்லி இலையை ஒட்டவச்சு, பழைய வேட்டித் துணியில இறுக்கிக் கட்டுங்க. சருகு நிறையப் போட்ட தண்ணியில ஒரு ஸ்பூன் வினிகர் விட்டு 15 நிமிஷம் வேகட்டும். அந்தத் தண்ணியிலேயே ஆறவிடணும், அவசரப்பட்டா நிறம் பிடிக்காது. துணியைப் பிரிக்கிற வேலையைப் பிள்ளைங்ககிட்ட விடுங்க. செம்பழுப்பு முட்டையில இலையோட வடிவம் அப்படியே வெளிறித் தெரியும்போது என் சின்னவ மூச்சே விடாம பார்த்தா! மஞ்சள்தூள் போட்டு வேகவச்சா மஞ்சள் நிறம்.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு, அதாவது குருத்தோலை ஞாயிறு அன்னைக்கே கொட்டாங்குச்சியில மண்ணு போட்டு ஒரு பிடி கேழ்வரகு தூவிடுங்க. தினம் தண்ணி தெளிச்சா ஈஸ்டருக்குள்ள பச்சையா முளைச்சிருக்கும். முட்டைகளை அதுக்கு நடுவுல வைங்க.

புதுத்துணி இல்லைன்னா பரவாயில்ல. ஈஸ்டருக்கு முந்தின சனி ராத்திரி சர்ச்சுல நடக்குற திருவிழிப்பு வழிபாட்டுக்கு மட்டும் கட்டாயம் கூட்டிட்டுப் போங்க. இருட்டுல பாஸ்கா திரிங்கிற பெரிய மெழுகுவர்த்தியிலிருந்து ஒவ்வொருத்தர் கையிலயும் வெளிச்சம் பரவுறதை அவங்க முன்வரிசையில நின்னு பார்க்கட்டும்.

மறுநாள் அந்த முட்டைங்களையே குழம்பு வச்சிடலாம். ராத்திரி முழுக்க வெளியில வைக்காம, ஃப்ரிட்ஜ்ல எடுத்து வச்சுக்கங்க. மிச்சக் காசுக்கு அரைக்கிலோ கோழி வரும்.