தத்துவம் கேட்கும் மகளும் பி.டெக் கேட்கும் உறவினர்களும்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளோடு ஆர்.கே. புரத்திலிருந்து என்னிடம் யோசனை கேட்டு வந்த பெற்றோரின் கவலை, டெல்லித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிலும் இன்று கேட்பதுதான். எதையும் சாட்ஜிபிடியிடமே கேட்டு எழுதும் பெண், கல்லூரியில் சொந்தமாக யோசிக்கவே மறந்துவிடுவாளோ என்று தாய் அஞ்சுகிறார். மகளோ தத்துவம் படிக்க விரும்புகிறாள். சித்தப்பாவும் மாமாவும் நொய்டா பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் செயற்கை நுண்ணறிவு பி.டெக்கில் சேர்க்கச் சொல்கிறார்கள்.

தாயின் அச்சம் நியாயமானது. மைக்ரோசாஃப்ட், கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 319 பணியாளர்களிடம் கேட்டறிந்து 2025இல் வெளியிட்ட ஆய்வில், செயற்கை நுண்ணறிவுக் கருவியை அதிகம் நம்பியவர்கள் குறைவாகவும், தம் திறனை நம்பியவர்கள் கூடுதலாகவும் ஆராய்ந்து சிந்தித்தது தெரியவந்தது. ஆகவே இவளுக்கு வேண்டியது விடையைச் சோதிக்கும் பயிற்சி; பட்டத்தின் பெயரில் செயற்கை நுண்ணறிவு இருப்பதாலேயே அது வந்துவிடாது. கணக்கில் நாட்டமே இல்லாத பெண்ணை, தந்தையின் ஓய்வுக்காலப் பணத்தை நம்பிக் கடன் வாங்கி அங்கே சேர்ப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். யோசனை சொல்லும் உறவினர்கள் தவணை கட்ட வரப்போவதில்லை.

மிராண்டா ஹவுஸ், இந்துக் கல்லூரி, லேடி ஸ்ரீராம் போன்ற டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் பி.ஏ. ஆனர்ஸ் தத்துவம் இருக்கிறது. கட்டணம் தனியார் பொறியியல் படிப்போடு ஒப்பிட மிகக் குறைவு. அதில் தருக்கம் ஒரு பாடம். நமக்கும் அது புதிதன்று. மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள், மலையில் நெருப்புண்டு என்பதற்குப் புகையை ஏதுவாகவும் (காரணமாகவும்) அடுக்களையைத் திட்டாந்தமாகவும் (எடுத்துக்காட்டாகவும்) காட்டி, பக்கப் போலி (நிறுவ வரும் கூற்றில் பிழை), ஏதுப் போலி (காரணத்தில் பிழை), திட்டாந்தப் போலி (எடுத்துக்காட்டில் பிழை) என்று பிழைகளையும் வகைப்படுத்துகிறார். மாணவர்களின் மதிப்பெண் குறைந்ததால் இணையவழி வகுப்பே பயனற்றது என்று கருவி சரளமாக எழுதித் தரும்போது, வினாத்தாள் கடினமாக இருந்தாலும் மதிப்பெண் குறையுமே, இந்த ஏது முடிவைத் தாங்குமா என்று கேட்கத் தெரிந்தவள் ஏமாறமாட்டாள். ஒரு வாதத்தைப் பிரித்துப் பார்த்து, எதிர்த்தரப்பையும் நேர்மையாக எழுதி, ஆசிரியர் முன் நின்று காக்கும் பழக்கம்தான் இந்தப் படிப்பின் உயிர்.

பொறியியல் கல்லூரிபோல நிறுவனங்கள் வளாகத்துக்கு வரிசையாக வந்து வேலை தரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இதன்பின் மூன்றாண்டுச் சட்டப்படிப்பு உண்டு, குடிமைப்பணித் தேர்வில் தத்துவம் விருப்பப்பாடமாக உண்டு, ஆராய்ச்சிக்கும் போகலாம். புள்ளியியல் போன்ற பிறதுறைப் பாடம் ஒன்றையும் கூடவே எடுத்துக்கொள்ளட்டும்.

கருவியை அவளிடமிருந்து பிடுங்க வேண்டாம். முதல் வரைவைத் தன் கையால் எழுதி முடித்தபின், அதிலுள்ள ஓட்டைகளைக் காட்டும்படி அதனிடம் கேட்கலாம். அவள் மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான கியூட் நுழைவுத்தேர்வு எழுதியிருக்கிறாள்; டெல்லிப் பல்கலைக்கழகம் மாணவர்களுக்கு இடம் வழங்கும் சுற்றுகள் முடியும்வரை நொய்டாவில் ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதீர்கள்.