கதைப் புத்தகத்துக்கு 400 ரூபாயா?

கேள்வி: சில ஆண்டுகளாக வந்த புதிய நூல்களில் படிக்க வேண்டியவை என்று சென்ற இதழில் ஒரு பட்டியல் கொடுத்தீர்கள். பாதிக்கு மேல் நாவலும் சிறுகதையும்தான். யாரோ கற்பனை செய்ததை 400 ரூபாய் கொடுத்து வாங்குவானேன்? என் மகன் குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறான். எங்களுக்குப் பயன்படுகிற புத்தகங்களை மட்டும் சொல்லக்கூடாதா?
— பனியன் கம்பெனிக் கணக்கர் ஒருவர், திருப்பூர்

பதில்: சொல்லலாமே. ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’. நீங்கள் கேட்ட சரக்கு, கலப்படம் இல்லாதது. 2018 முதல் 2023 வரை தமிழுக்கான சாகித்திய அகாதெமி விருதைக் கதைகளே தட்டிக்கொண்டு போயின. 2024-இல் அந்த வரிசையை உடைத்தது இந்த வரலாற்று நூல். வ.உ.சி. கைதானார், நெல்லையில் கலவரம் மூண்டது என்று உங்கள் மகன் ஒரே வரியில் மனப்பாடம் செய்திருப்பார். அந்த ஒரு வரிக்குள்தான் 1908 மார்ச் 13 இருக்கிறது. மூடிய கடைகள், தாக்கப்பட்ட நகராட்சி அலுவலகம், துப்பாக்கிச் சூட்டில் போன நான்கு உயிர்கள் எல்லாம் இருக்கின்றன.

இனி உங்கள் ‘கற்பனை’க்கு வருவோம். மு. ராஜேந்திரனின் ‘காலா பாணி’ நாவலை எந்த அலமாரியில் வைப்பீர்கள்? எழுதியவர் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர். மருது சகோதரர்களின் போர் முடிந்ததும் 1802-இல் எழுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) அரசு கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தியது. இது நடந்த கதை. ஆனால் கடத்தப்பட்டவன் கப்பலில் கரையைத் திரும்பிப் பார்த்தபோது என்ன நினைத்தான் என்று எந்தக் கும்பினி எழுத்தரும் குறித்து வைக்கவில்லை. அந்த இடத்தை நாவல்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

இமையத்தின் ‘செல்லாத பணம்’ உங்களைப் போன்ற ஒரு தகப்பனின் கதை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இன்ஜினீயரிங் படித்த மகள் ஆட்டோ ஓட்டுகிறவனைத்தான் கட்டுவேன் என்று நின்று கட்டிக்கொண்டவள். இப்போது தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். நாவலின் பெரும்பகுதி அந்த வார்டின் வாசலிலேயே நடக்கிறது. அவளாகக் கொளுத்திக்கொண்டாளா, புருஷன் கொளுத்தினானா என்று வெளியே சொந்தக்காரர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை என்கிறது குடும்பம். வாங்கிக்கொள்ளத்தான் அங்கே ஆள் இல்லை. இதே சம்பவம் பேப்பரில் வந்தால் நாலு வரி. காபி ஆறுவதற்குள் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். நாவலைப் படித்த பிறகு அப்படிப் புரட்ட எனக்குக் கை வருவதில்லை. இந்தப் ‘பயனை’ உங்கள் பேரேட்டில் எந்தத் தலைப்பில் பற்று வைப்பது என்று கணக்கரான நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பரீட்சைக்கு என்ன கிடைக்கும் என்றுதானே அடுத்து கேட்பீர்கள்? ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ பாடியவர் யார் என்று மகனிடம் கேளுங்கள். கணியன் பூங்குன்றனார் என்பார். புறநானூறு 192 என்று எண்ணும் சேர்த்துச் சொன்னால் கெட்டிக்காரர். அதே பாட்டில் ‘நீர்வழிப் படூஉம்’ என்ற தொடரும் வருகிறது. தேவிபாரதி அதைத் தன் நாவலுக்குத் தலைப்பாக்கி, கொங்குநாட்டுக் குடிநாவிதர் குடும்பம் ஒன்றின் வாழ்வைச் சொல்லியிருக்கிறார். உங்கள் ஊர்ப் பக்கத்துக் கதை ஐயா! முடி திருத்துகிறவர் முன்னால் இத்தனை வருடம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறோமே, அவர் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியுமா?

விலை பற்றி நீங்கள் பொருமுவது மட்டும் நியாயம். புத்தகக் காட்சியில் நானும் பின்னட்டையைத் திருப்பி விலையைப் பார்த்து, பத்து சதவீதக் கழிவையும் மனசுக்குள் போட்டுப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கீழே வைத்தவன்தான். ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒன்று இருக்கும். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின் உபயம். நாவலுக்கும் சேர்த்து நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பக்கத்து நூலகத்தில் உறுப்பினர் அட்டை வாங்குவதுதான் பாக்கி. இந்தப் புத்தகங்கள் அங்கே இல்லை என்றால் வாங்கி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். எனக்கு எழுதியதைப் போலவே காட்டமாக எழுதலாம்.