பச்சை படிந்த தோட்டாக்களைத் துடைத்து வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: காட்பாடியில் நகைக்கடை நடத்துகிறேன். உரிமம் பெற்ற .32 ரிவால்வர் வைத்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய தோட்டாக்களைத் தோல் பெல்ட்டில் செருகியே வைத்திருந்தேன். சிலவற்றில் பச்சை படிந்திருக்கிறது. துடைத்துப் பயன்படுத்தலாமா? பழையதையும் கொஞ்சம் பணத்தையும் கொடுத்தால் புதியது மாற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அந்த மனிதரிடம் ஒரு தோட்டாவைக்கூடக் கொடுக்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பச்சைக்குக் காரணம் உங்கள் பெல்ட். தோல் பதனிடும்போது சேரும் அமிலமும் உப்பும் ஈரத்தோடு சேர்ந்து பித்தளையை அரிக்கும். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் தோலால் வாழும் ஊர்கள்தான். ஆனால் எவ்வளவு நல்ல தோலானாலும் அது தோட்டாவைச் சுமந்து செல்வதற்கு மட்டுமே, சேமித்து வைப்பதற்கு அல்ல. பச்சை படிந்தவற்றைத் தனியே எடுத்துவிடுங்கள். துடைத்தால் நிறம் போகும், அரிக்கப்பட்ட உலோகம் திரும்பி வராது. பூஜைச் செம்பைத் தேய்ப்பதுபோலப் புளி போட்டுத் தேய்க்கவே கூடாது. எண்ணெயும் தடவாதீர்கள், அது தோட்டாவின் அடிப்பகுதியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமருக்குள் கசிந்தால், தேவைப்படும் நேரத்தில் வெடிக்காமல் போகலாம். பழுப்பேறி மங்கியவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம், அது வெறும் நிறமாற்றம்.

வேலூர் வெயிலில் தோட்டா தானாக வெடித்துவிடாது. ஆனால் கத்திரி வெயில் காலத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், காரிலோ மொட்டை மாடியை ஒட்டிய பரணிலோ ஆண்டுக்கணக்கில் கிடந்தால் உள்ளிருக்கும் மருந்து கெடும். வாங்கிய அட்டைப்பெட்டியோடு இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் சேர்த்து, வெயில் படாத உட்சுவரை ஒட்டிய இரும்பு அலமாரியில் பூட்டி வையுங்கள். சாவி பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. இப்படி வைத்த தொழிற்சாலைத் தோட்டா பல பத்தாண்டுகள் கெடாது. ரிவால்வருக்குள் இருப்பவை வேறு. வியர்வையும் துப்பாக்கி எண்ணெயும் அவற்றின் மேல் படும். அவற்றை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதே என் ஆலோசனை.

வாங்கும்போது ".32" என்று மட்டும் கேட்காதீர்கள். அதே எண்ணில் பிஸ்டலுக்கும் தோட்டா உண்டு. அது குட்டையானது, உங்கள் ரிவால்வருக்கு உரியது அல்ல. சில ரிவால்வர்களில் அது உள்ளே போய்விடும் என்பதுதான் ஆபத்து.

இப்போது அந்த இடைத்தரகர். இவர்கள் எல்லோரும் காட்டும் சாக்கு ஒன்றுதான்: "நீங்கள் ஒரு கடிதம் கொடுத்தால் போதும், நான் எடுத்துச் செல்லச் சட்டம் இடம் தருகிறது." 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 3ஆம் பிரிவில் அப்படி ஒரு விலக்கு இருப்பது உண்மை. அது எதற்கு என்பதைத்தான் மறைக்கிறார்கள். உரிமம் இல்லாத ஒருவர், உரிமதாரர் உடனிருக்கும்போதோ அவருடைய எழுத்து மூலமான அனுமதியோடோ, துப்பாக்கியையோ தோட்டாவையோ எடுத்துச் செல்லலாம். ஆனால் பழுதுபார்க்க, உரிமத்தைப் புதுப்பிக்க, அல்லது அந்த உரிமதாரரே பயன்படுத்துவதற்காக மட்டும். விற்பதற்கும் பண்டமாற்றுக்கும் அதில் இடமே இல்லை. உங்கள் கடிதம் அவரைக் காப்பாற்றாது. உங்களுக்கு எதிரான சாட்சியாக மாறும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றித் தோட்டா வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டு சிறை. உரிமமின்றி விற்றால் குறைந்தது 7 ஆண்டு.

இந்தத் தரகர்கள் பிழைப்பதற்கு நிர்வாகமும் ஒரு காரணம். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. உரிம வேலைக்கு அரக்கோணத்துக்காரர் ராணிப்பேட்டைக்கும், வாணியம்பாடிக்காரர் திருப்பத்தூருக்கும் போக வேண்டும். "உங்கள் கோப்பு இன்னும் வேலூரில்தான் கிடக்கிறது, நான் நகர்த்துகிறேன்" என்று சொல்லிப் பணம் பறிக்க இதுவே போதும். கெட்டுப்போன தோட்டாவை எங்கே, எப்படி ஒப்படைப்பது என்று ஒரு பலகை எழுதி வைக்க என்ன செலவாகிவிடும்? சட்டத்துக்குக் கட்டுப்பட நினைப்பவரையே அலையவிடுகிறார்கள்.

காட்பாடி இன்றும் வேலூர் மாவட்டம்தான். உரிமத்தை எடுத்துக்கொண்டு, உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடம் நீங்களே போங்கள். பச்சை படிந்தவற்றை ஒப்படைத்து, எண்ணிக்கை குறித்த ரசீது வாங்குங்கள். அவர் மறுத்தால், எண்ணிக்கையைக் குறிப்பிட்டு, என்ன செய்வது என்று கேட்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு கொடுங்கள். நகலை உங்கள் காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புதல் பெறுங்கள். பாலாற்று மணலில் புதைத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம், அங்கே விளையாடும் குழந்தை கையில் அது கிடைக்கும்.

ஒரே நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்பது உங்கள் உரிமத்திலேயே எழுதியிருக்கும். கெட்டவையும் அந்தக் கணக்கில் சேரும். ஆகவே ஒப்படைத்த பிறகே புதியது வாங்குங்கள். வாங்கிய எண்ணிக்கை, தேதி, விற்பனையாளர் கையெழுத்து மூன்றும் உரிமத்தில் ஏறியதைப் பார்க்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள். புதுப்பிக்கும்போது கணக்கு உதைத்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.