கனவில் பச்சை வாளியோடு ஒரு கிழவி: ஆழ்மனமா, குளிசையா?

கேள்வி: எனக்கு 38 வயது. உப்புவெளியில் இருக்கிறேன், பாடசாலை ஆசிரியை. மூன்று மாதமாகக் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் ஒரே கனவு. கடல் வற்றிக் கிடக்கிறது. தூரத்தில் ஒரு கிழவி பச்சை வாளியோடு நின்று கையைக் காட்டிக் கூப்பிடுகிறா. முகம் தெரியாது. விழித்தால் நெஞ்சு படபடக்கும், திரும்ப நித்திரை வராது. இப்போது வகுப்பில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன். முன்பு நான் அப்படி இல்லை. தங்கச்சி சுவிஸ் மனநல மருத்துவர் யூங்கின் கருத்துகளை வாசிப்பவள். "அது உன் நிழல், நீ அடக்கி வைத்த குணம்" என்கிறாள். இணையத்தில் ஆளுமைச் சோதனை செய்தேன், ஐ.என்.எஃப்.ஜே. என்று ஒரு நாலெழுத்து வகை வந்தது. மாமி நூல் கட்டச் சொல்கிறா. எனக்கு மனநோயா? ஒற்றைத் தலையிடிக்குக் குளிசை எடுக்கிறேன், வேறு வருத்தம் இல்லை. சுனாமி நேரம் இங்கேதான் இருந்தேன், எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

பதில்: டீச்சர், கடைசி இரண்டு வரியில் போகிற போக்கில் எழுதினீர்களே, எனக்கு அவைதான் முக்கியம். முதலில் குளிசை.

எந்தக் குளிசை என்று நீங்கள் எழுதவில்லை. ஒற்றைத் தலையிடி வராமல் தடுக்க நாங்கள் அடிக்கடி எழுதிக் கொடுப்பது புரோப்ரனலோல். அது மூளைக்குள் இலகுவாகப் போகிற மருந்து. சிலருக்கு நித்திரையைக் குழப்பி, கண்ணுக்கு முன்னால் நடக்கிற மாதிரிக் கனவுகளைக் கொண்டுவரும். குளிசை தொடங்கிய திகதியையும் கனவு தொடங்கிய திகதியையும் கலண்டரில் குறித்துப் பாருங்கள். இரண்டும் கிட்டக்கிட்ட வந்தால் பாதிக் கதை அங்கேயே முடிந்துவிடும். அதற்காகக் குளிசையைச் சட்டென்று நிறுத்த வேண்டாம். திடீரென்று விட்டால் நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கும். எழுதிக் கொடுத்தவரிடம் சொன்னால் மெல்லமெல்லக் குறைப்பார், அல்லது வேறொன்றுக்கு மாற்றுவார். படபடப்பும் எரிச்சலும் சேர்ந்து இருப்பதால் தைரொயிட்டையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

சரி, தங்கச்சி சொன்னதற்கு வருவோம். அவள் சொன்னது முழுப் பிழை இல்லை, ஆனால் கொஞ்சம் அவசரம்.

கனவை மருத்துவத்துக்குள் பெரிய அளவில் கொண்டுவந்தவர் வியன்னா மருத்துவர் பிராய்ட். அவருடைய கனவு நூலில் 1900 என்று ஆண்டு போட்டிருக்கும். கடைக்கு வந்தது 1899 நவம்பரில். நாம் வெளியே காட்ட விரும்பாத ஆசை வேடம் போட்டுக்கொண்டு வருவதுதான் கனவு என்றார் அவர். 1907இல் அவரைப் போய்ச் சந்தித்த யூங், 1913இல் பிரிந்து போனார். அவரவர் சொந்த நனவிலிக்கும் (ஆழ்மனத்துக்கும்) கீழே மனிதர் எல்லோருக்கும் பொதுவான ஓர் அடித்தளம் இருக்கிறது, அதில் தாய், கிழவர், நிழல் என்று சில தொல்படிமங்கள், அதாவது பிறப்போடு வருகிற பழைய உருவங்கள், கிடக்கின்றன என்பது யூங்கின் கட்சி. அந்தக் கணக்கில் உங்கள் கிழவியைப் 'பெருந்தாய்' என்று சொல்லிவிடலாம். பத்திரகாளி கோயிலைக் கடந்து போய்வருகிற நமக்கு, அணைக்கிற தாயும் அழிக்கிற தாயும் ஒருத்திதான் என்பது ஒரு புதினமும் இல்லை. (யூங் 1937 கடைசியில் தொடங்கிய இந்தியப் பயணத்தோடு இலங்கைக்கும் வந்தவர். கண்டி தலதா மாளிகையில் கேட்ட மேளத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்.)

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், நமக்குத் தெரியாமலே மனம் பல வேலை பார்க்கிறது என்பதில் இன்று பெரிய சண்டை இல்லை. தொல்படிமங்கள் பிறப்போடு வருகின்றன என்பதை மட்டும் இரத்தப் பரிசோதனையிலோ ஸ்கானிலோ காட்ட முடியாது. பேசுவதற்கு அது நல்ல பாஷை. நோயைக் கண்டுபிடிக்கிற கருவி அல்ல.

நிழல் என்றால் கெட்ட குணம் என்று தங்கச்சி விளங்கிக்கொண்டாளோ தெரியவில்லை. யூங் வெளிமுகத்துக்கு வைத்த பெயர் பெர்சோனா. அது லத்தீனில் நாடகக்காரர் போடும் முகமூடி. ஏழரை மணி அடிக்கும்போது மடிப்புக் கலையாத சேலையோடு, ஒருநாளும் குரல் உயர்த்தாத டீச்சராக நிற்கிறீர்களே, அதுதான். அந்த முகத்தோடு ஒட்டாததெல்லாம் பின்னால் நிழலாகச் சேரும். அதில் கோபமும் கிடக்கும், நாற்பது பிள்ளைகளின் கொப்பி திருத்திய களைப்பும் கிடக்கும், ஒரு கிழமையாவது தனியாக எங்காவது போக வேண்டும் என்ற ஆசையும் கிடக்கும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இரவு மூன்று மணிக்கு எழும்பி விடியும்வரை கிடப்பவர் காலையில் எரிந்து விழுவதற்கு நிழல் தேவையே இல்லை, நித்திரை இல்லாததே போதும்.

ஆளுமைச் சோதனையை விட்டுத் தள்ளுங்கள். 1921இல் யூங் எழுதிய ஆளுமை வகைகளை வைத்து அமெரிக்காவில் ஒரு தாயும் மகளும் உருவாக்கியது அது. இருவரும் உளவியல் படித்தவர்கள் அல்லர். இன்னும் ஐந்தாறு கிழமை கழித்துச் செய்தால் உங்களுக்கே வேறு நாலு எழுத்து வரலாம்.

வாளிதான் என்னை விடமாட்டேன் என்கிறது. கனவில் தண்ணீர் வந்தால் இது, கிழவி வந்தால் அது என்று பலன் சொல்லும் புத்தகங்களில் பச்சை வாளிக்கு ஒன்றும் இருக்காது. பிராய்டும் யூங்கும் ஒத்துப்போகிற இடங்களில் ஒன்று இது: கனவு கண்டவரைக் கேட்காமல் பலன் சொல்லக் கூடாது. யூங் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். வாளி என்றால் என்னவென்றே தெரியாத ஒருவருக்கு விளக்குவதுபோல் சொல்லுங்கள் என்பார். என்ன பச்சை? பிளாஸ்டிக்கா, தகரமா? கைபிடி கம்பியா? உள்ளே மீனா, தண்ணீரா, ஒன்றும் இல்லையா? அப்படியே சொல்லிக்கொண்டு போகும்போது, யாரோ ஒருவருடைய கிணற்றடியில் போய் நிற்பீர்கள்.

2004 டிசம்பர் 26 அன்று உங்களுக்குப் பதினேழு பதினெட்டு வயது இருந்திருக்கும். வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்று இங்கே நிறையப் பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அடுத்த வீட்டில்? வகுப்பில் பக்கத்து வாங்கில்? உங்கள் கனவில் கடல் வற்றிக் கிடக்கிறது என்று வாசித்தபோது, தொல்படிமத்துக்கு முன்னால் எனக்கு நினைவு வந்தது அந்தக் காலைதான். அதுதான் காரணம் என்று கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன். குளிசையும் பழைய பயமும் கைகோத்து வருவதும் உண்டு.

மனநோயா என்றால், இந்தக் கடிதத்தில் அப்படி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. பகலிலும் அந்தக் காட்சி வந்து மேலே விழுந்தால், கடற்கரைப் பக்கம் போகவே பயந்தால், வாழ்ந்தென்ன என்ற நினைப்பு வந்தால் காத்திருக்க வேண்டாம்; ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1926 என்ற மனநல இலக்கத்துக்கு எடுங்கள்.

அதுவரை ஒரு பயிற்சி செய்யலாம். பகல் வெளிச்சத்தில் கனவை ஒரு கொப்பியில் எழுதுங்கள். முடிவை மட்டும் உங்கள் விருப்பப்படி மாற்றுங்கள்: கிழவி கரைக்கு வரட்டும், அல்லது நீங்கள் வாளியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடவுங்கள். புது முடிவைத் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் மனதில் ஓட்டிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவுக்கு இது நல்ல பலன் தருகிற முறை. எழுதும்போதே பதற்றம் கூடினால் விட்டுவிடுங்கள், அதை ஒருவரோடு இருந்து செய்ய வேண்டும்.

மாமி நூல் கட்டினால் கட்டட்டும், அது எந்த மருந்தோடும் முட்டாது. கட்டியாயிற்றுத்தானே என்று கிளினிக்கைத் தள்ளிப் போடாமல் இருந்தால் சரி. போகும்போது குளிசை உறையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். வாளி யாருடையது என்று இடையில் நினைவு வந்தால் அதையும் அங்கே சொல்லுங்கள்.