தாடை அறுவைக்கு மூக்கு வழியாக மூச்சு டியூப்: ரத்தம் வருமா?

கேள்வி: பைக் விபத்தில் என் கணவருக்குக் (34) கீழ்த்தாடை உடைந்துவிட்டது. பிளேட் வைக்கும் அறுவைக்கு, மயக்கத்தில் மூச்சுக்காகப் போடும் டியூபை மூக்கு வழியாகப் போடுவோம் என்கிறார்கள். அவருக்கு மூக்குத்தண்டு வளைவு உண்டு, வெயில் காலத்தில் மூக்கில் ரத்தமும் வரும். வாய் வழியாகவே போடக் கூடாதா?

பதில்: கூடாது என்றில்லை, ஆனால் வேலை நடக்காது. மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசையும் பழையபடி பொருந்தும்படி கம்பியால் கட்டிய பிறகே பிளேட்டைத் திருகுவார்கள். நடுவே டியூப் கிடந்தால் வாயை மூட முடியாது.

மூக்கு வழியாகப் போடும்போது ரத்தக்கசிவுதான் அடிக்கடி வரும் தொல்லை. அதைக் குறைக்க, மூக்கின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும் 0.1% சைலோமெட்டசோலின் சொட்டுமருந்தை முன்பே விடுவார்கள். டியூபை வெதுவெதுப்பான சலைனில் போட்டு இளக்கி, ஜெல் தடவி, காற்று தாராளமாகப் போகும் துவாரத்தில் நுழைப்பார்கள். ஆண்களுக்குப் பெரும்பாலும் 6.5 அல்லது 7 அளவு (உள்விட்டம், மி.மீ.) போதும். மூக்கின் மேல்நோக்கி அல்ல, அடித்தளத்தை ஒட்டியே தள்ள வேண்டும். தடை தெரிந்தும் அழுத்தினால், உள்ளே மடிப்பாக இருக்கும் டர்பினேட் பெயர்ந்து அந்தத் துண்டே டியூபை அடைக்கலாம். நுனி தொண்டையின் பின்சுவர்ச் சவ்வைக் கிழித்து அதற்கு அடியிலும் போய்விடலாம். தொண்டையில் நுனியை மேகில் ஃபோர்செப்ஸ் என்ற வளைந்த இடுக்கியால் பிடித்துத் திருப்பும்போது, டியூபைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைக்கும் பலூன் கிழிவதும் உண்டு. கிழிந்தால் காற்று கசியும், டியூபை மாற்ற வேண்டிவரும். டியூப் சரியான இடத்தில்தான் இருக்கிறது என்பதைக் வெளிவிடும் மூச்சை அளக்கும் கேப்னோகிராஃபில் வரும் கார்பன் டை ஆக்சைடு அலை காட்டிக்கொடுக்கும்.

மூக்கிலிருந்து வெளியே வழியும் ரத்தத்தைவிட, உள்நாக்குக்குப் பின்னால் உறைந்து தங்கும் கட்டிக்கே நாங்கள் அதிகம் பயப்படுவோம். டியூபை எடுத்ததும் அது குரல்வளைக்குள் விழுந்தால் மூச்சு நின்றுவிடும். பிரேதப் பரிசோதனையில்தான் கண்ணில் படும் என்பதால் ‘கரோனர்ஸ் கிளாட்’ (மரண விசாரணை அதிகாரியின் ரத்தக்கட்டி) என்றே இதற்குப் பெயர். அதனால் டியூபை எடுக்குமுன் அந்த இடத்தை நேரில் பார்த்து உறிஞ்சி எடுப்பது கட்டாயம்.

மூக்குத்தண்டு வளைவையும் ரத்தம் வருவதையும் மயக்க மருந்து மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து ஏதேனும் சாப்பிடுகிறாரென்றால் அதையும் மறைக்காதீர்கள்; நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். விபத்துக்குப் பிறகு மூக்கில் தண்ணீர்போல் தெளிவான திரவம் வடிந்ததா? அப்படியானால் அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம்; மண்டையோட்டின் அடித்தளம் உடைந்திருக்கலாம். சி.டி. ஸ்கேன் அதை உறுதிசெய்தால் பொதுவாக மூக்குவழியைத் தவிர்த்து, தாடைக்கு அடியில் சிறு துளையிட்டு டியூபை வெளியே கொண்டுவருவது போன்ற மாற்றுவழிக்குப் போவார்கள்.

அறுவைக்குப் பின்னும் பற்களைக் கட்டியே வைத்திருந்தால், கம்பியை வெட்டும் கட்டர் அவர் கட்டிலருகே இருக்கிறதா என்று நர்ஸிடம் கேட்டுப் பாருங்கள். வாந்தி வந்தால் உடனே வெட்ட அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.