நியூயார்க்கில் ராம்ப்பை மறித்ததாக 165 டாலர் டிக்கெட்: எதிர்த்தால் தள்ளுபடி ஆகுமா?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இதுதான்: குவீன்ஸில் ஒரு முச்சந்தியில், நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்கும் ராம்ப்புக்கு முன்னால் காரை நிறுத்தியிருக்கிறீர்கள். கண்ணாடியில் 165 டாலர் அபராத டிக்கெட். சாலையில் கோடு எதுவும் இல்லையே, எதிர்க்கலாமா என்கிறீர்கள்.

தாராளமாக எதிர்க்கலாம். அதற்கு முன் டிக்கெட்டில் விதிமீறல் எண் 67, அதாவது ராம்ப்பை மறித்ததற்கான எண், இருக்கிறதா பாருங்கள். வீட்டு டிரைவ்வேயை மறித்ததற்கு எண் 98, அது வேறு கதை, அபராதமும் 95 டாலர்தான்.

எண் 67 என்றால் எல்லாமே ஒரு கேள்வியில் நிற்கிறது. அந்த ராம்ப் ஒரு கிராஸ்வாக்கை, அதாவது நடப்பவர்கள் சாலையைக் கடக்கும் இடத்தை, சேர்ந்ததா? நகரப் போக்குவரத்து விதி 4-08(f)(7) தடுப்பது கிராஸ்வாக்கில் இருக்கும் ராம்ப்பை மறிப்பதை மட்டும்தான். கிராஸ்வாக்கில் இல்லாத ராம்ப்புக்கு முன்னால், வேறு தடை ஏதும் இல்லையென்றால், நிறுத்தலாம் என்று அதே விதியே சொல்கிறது.

கோடு இல்லை என்பது மட்டும் போதாது. கோடு போடாத கிராஸ்வாக் என்றும் ஒன்று இந்த ஊர் விதியில் உண்டு. நாற்சந்தியில் எதிரெதிர் நடைபாதைகளைக் கற்பனையில் நீட்டிச் சேர்த்தால் வரும் இடம் அது. அங்கே நிறுத்தியிருந்தால் கோடு இல்லை என்று வாதாடிப் பயனில்லை. உங்களுக்குச் சாதகமான இடம் முச்சந்தி. ஒரு தெரு வந்து முட்டி நிற்கிறது, நேராகப் போகும் சாலையில் சிக்னலும் இல்லை, ஸ்டாப் சைனும் இல்லை, கோடும் இல்லை. அந்தச் சாலையைக் கடப்பதற்காகப் போட்ட ராம்ப் என்றால் அது கிராஸ்வாக் கணக்கில் வராது.

இது போலீஸுக்கே குழம்பிய விஷயம். நகரம் பொதுவில் வெளியிடும் டிக்கெட் தரவை ஒருவர் அலசி, சட்டப்படி சரியாக நிறுத்திய கார்களுக்கே இந்த டிக்கெட் திரும்பத் திரும்பப் போடப்படுகிறது என்று 2016-இல் காட்டினார். கிராஸ்வாக்கில் இல்லாத ராம்ப்புக்கு முன் நிறுத்தலாம் என்று விதி மாறியதை ரோந்துக் காவலர்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று காவல் துறையும் ஒப்புக்கொண்டது. அதனால் உங்கள் டிக்கெட்டும் அந்த வகையாக இருக்க வாய்ப்பு உண்டு.

இன்றைக்கே போய்ப் படம் எடுங்கள். நாளைக்கு யாராவது வந்து கோடு போட்டுவிட்டால் உங்கள் பேச்சு எடுபடாது. எதிர்ப்பக்கம் நின்று ஒரு படம்: ராம்ப், அதிலுள்ள புடைப்புப் புள்ளித் தகடு, சாலை முழுவதும் தெரியவேண்டும். தெருப் பெயர்ப் பலகையும் வீட்டு எண்ணும் ஒரே படத்தில் விழுந்தால் இன்னும் நல்லது, இல்லாவிட்டால் எந்த மூலை என்று நீதிபதிக்கு எப்படித் தெரியும்? அப்புறம் சாலையின் இரு திசையிலும் ஒவ்வொரு படம், சிக்னல் இல்லை என்று காட்ட. தார் மேல் தேய்ந்துபோன வெள்ளைக் கோட்டின் தடம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இருந்தால் வழக்கு பலவீனம்தான். என் மச்சானுக்கு நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் நாலே வரி: விதி எண், இது முச்சந்தி, சிக்னல் இல்லை, கோடு இல்லை, படங்கள் இணைப்பில். தள்ளுபடி ஆனது.

எடுபடாத வாதங்களும் உண்டு. 'அஞ்சு நிமிஷம்தான் நிறுத்தினேன்', 'அந்த நேரத்தில் யாரும் வரவில்லை', 'பாதி ராம்ப் காலியாகத்தானே இருந்தது', 'நோ பார்க்கிங் பலகை இல்லை'. எதுவும் நிற்காது. உண்மையான கிராஸ்வாக் ராம்ப் என்றால் பேசாமல் கட்டிவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. சக்கர நாற்காலியில் வருபவர் அந்தப் பாதி இடைவெளியில் நுழைய முடியாமல், அடுத்த வீட்டு டிரைவ்வே வரை திரும்பிப் போய் ஓடும் கார்களுக்கு நடுவே இறங்கவேண்டியிருக்கும்.

இன்னொரு வழி டிக்கெட்டிலேயே இருக்கலாம். நம்பர் பிளேட், அதன் வகை, வண்டியின் மேக் (எந்த கம்பெனி வண்டி), இடம், தேதி, நேரம் போன்ற கட்டாய விவரங்களில் ஒன்று விடுபட்டாலோ தவறாக இருந்தாலோ அதைச் சொல்லித் தள்ளுபடி கேட்கலாம். மாநிலச் சட்டமே இடம் கொடுக்கிறது. படம் எடுக்கப் போவதற்கு முன் டிக்கெட்டை ஒருமுறை வரிவரியாகப் படித்துவிடுங்கள்.

கெடு 30 நாள். அது தாண்டினால் அபராதத்தோடு தண்டத்தொகையும் ஏறும். முதலில் பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது மாதிரி. நகர நிதித் துறையின் தளத்திலோ, தபாலிலோ, நேரிலோ ஹியரிங் (விசாரணை) கேட்கலாம். படங்கள் தெளிவாக இருந்தால் ஆன்லைனே போதும், லீவு போடவேண்டாம். தோற்றால் அப்பீலுக்கு இன்னொரு 30 நாள் உண்டு, ஆனால் அங்கே புதிய ஆதாரம் எதையும் பார்க்க மாட்டார்கள். அதனால் எல்லாப் படங்களையும் முதல் முறையே ஏற்றிவிடுங்கள்.